912 சொற்கள் இருந்த கொப்பி: வெள்ளவத்தையில் ஒரு நிகழ்வு ஆய்வு

எல்லாம் ஒரு பிரியாவிடை அட்டையில்தான் தொடங்கியது. கொள்ளுப்பிட்டியில் ஒரு கணக்காய்வு நிறுவனம். பங்காளர் ஒருவர் ஓய்வு பெறுகிறார். பெரிய அட்டை ஒன்று மேசை மேசையாகச் சுற்றிவர, ஆளுக்கு இரண்டு வரி எழுதுகிறார்கள். எல்லோரும் 'நன்றி', 'வாழ்த்துகள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட இடத்தில் பின்னர் என் மாணவரான நம்முடைய தம்பி மட்டும் நேர்த்தியான ஆங்கிலத்தில் இப்படி எழுதினார்: கொழும்பின் நொட்டோரியஸ் கணக்காய்வாளர் ஒருவரிடம் தொழில் பழகக் கிடைத்தது என் பாக்கியம்.

அவருடைய கொப்பியில் 'நொட்டோரியஸ்' என்பதற்கு நேரே 'பிரபலமான' என்று எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் கெட்டதுக்குப் பேரெடுத்தவரைத்தான் குறிக்கும். கள்ளக் கடத்தல்காரனுக்குப் போடலாம், அடிக்கடி விபத்து நடக்கும் சந்திக்குப் போடலாம். பங்காளர் நல்ல மனிதர் போலும், வாசித்துச் சிரித்துவிட்டு அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனார். கூட வேலை பழகும் பிள்ளைகள் அவ்வளவு இலேசில் விடவில்லை. ஒரு மாதம் அதே பட்டப்பெயர்தான். அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை தம்பி என் வீட்டு மணியை அடித்தார்.

நான் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் மேல்மாடியில் இருந்து ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். கரையோர ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுத் தொடருவது எங்கள் வகுப்பின் வழக்கம். மாணவர் பெயரை இங்கே எழுதவில்லை, வகுப்பில் கூப்பிட்டபடி 'தம்பி' என்றே குறிப்பிடுகிறேன். எழுத அனுமதி தந்தவர் அவர்தான். அட்டைக் கதையைக் கட்டாயம் போடச் சொன்னவரும் அவர்தான்.

வந்தபோது இருந்த நிலை

வயது 25. சொந்த ஊர் கிளிநொச்சி. தமிழ் மொழிமூலம் வணிகப் பிரிவில் உயர்தரம் செய்தவர். உயர்தரப் பரீட்சையில் பொது ஆங்கிலம் என்று ஒரு பாடம் இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு எடுபடுவதைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியில் அது சேராது. சேராத பாடத்துக்கு யார் நேரம் செலவழிப்பார்கள்? கணக்கீடும் பொருளியலும் ரியூசனுக்கு ரியூசனாக ஓட, ஆங்கிலம் வெறும் சம்பிரதாயமாக நின்றுவிடுகிறது. பிறகு கொழும்புக்கு வந்து கந்தோரில் இருந்த முதல் நாளே அதுதான் முன்னுக்கு வந்து நிற்கும். இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்துக்குச் சிங்களத்தில் 'கடுவ' என்றொரு செல்லப்பெயர் உண்டு. வாள் என்று பொருள். வைத்திருப்பவன் வெட்டுவான், இல்லாதவன் வெட்டுப்படுவான். அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் 1987 இல் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. கந்தோர் மேசையில் அது இணைத்ததை விட வெட்டியதைத்தான் பிள்ளைகள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

தம்பிக்கு இரண்டு தேவை. ஒன்று, வெளிநாட்டில் முதுமாணி படிக்க ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையில் எழுத்துப் பகுதிக்கு 6.5 எடுப்பது. முன்பு ஒருமுறை எழுதி 6 எடுத்திருந்தார். மற்றது, இனி எந்த அட்டையிலும் மானம் போகாமல் இருப்பது. இரண்டாவதைத்தான் அவர் முதலில் சொன்னார்.

கையில் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி. சிவப்பில் ஆங்கிலச் சொல், நீலத்தில் தமிழ்க் கருத்து. 'உயர்தர ஆங்கிலச் சொற்கள்' என்று இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களிலிருந்து நாளுக்குப் பத்து வீதம் மூன்று மாதம் பாடமாக்கியிருக்கிறார். மொத்தம் 912. கையெழுத்தைப் பார்த்தாலே கண் கலங்கும், அவ்வளவு உழைப்பு.

"எல்லாம் பாடம் மிஸ். ஆனா எழுதேக்க வருதில்லை. வந்தாலும் பிழையாத்தான் வருது."

நான் கண்ணை மூடிக்கொண்டு பக்கங்களைப் புரட்டி 40 சொற்களைத் தொட்டேன். தமிழ்க் கருத்தைக் கேட்டபோது 31 க்குச் சரியாகச் சொன்னார். மூன்று மாதத்தில் பாடமாக்கியதற்கு இது குறைவான புள்ளி இல்லை. பிறகு அதே 40 க்கும் ஒவ்வொரு வாக்கியம் எழுதச் சொன்னேன். நான் பேனை வைக்கத் தேவைப்படாதவை ஆறு.

31 க்கும் 6 க்கும் நடுவில் இருக்கும் பள்ளம்தான் இந்த ஆய்வின் விஷயம்.

அந்த 34 வாக்கியங்கள்

பிழைகளைத் திருத்துவதற்கு முன் அவற்றை ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். இலக்கணப் பிழை மிகக் குறைவு. காலம் சரி, எழுவாய் பயனிலை சரி. அப்படியிருந்தும் வாக்கியம் ஆங்கிலமாக இல்லை.

'அமீலியரேட்' என்ற சொல்லுக்குக் கொப்பியில் 'மேம்படுத்து'. தம்பி எழுதியது: என் ஆங்கிலத்தை அமீலியரேட் செய்ய விரும்புகிறேன். ஆனால் இந்தச் சொல் ஏற்கெனவே மோசமாக இருப்பதைத்தான் பிடிக்கும். வறுமை, துன்பம், சிறைச்சாலை நிலைமை, இப்படியானவை. ஆங்கிலத்தை அமீலியரேட் செய்கிறேன் என்றால் அவருடைய ஆங்கிலம் ஒரு வியாதி என்று அவரே சொல்வது போல. 'எக்ஸாசபேட்' என்பதற்குக் கொப்பியில் 'அதிகரிக்கச் செய்'. எழுதியது: வங்கி வட்டி என் சேமிப்பை எக்ஸாசபேட் செய்தது. நோவை, நெருக்கடியை, சண்டையை இன்னும் மோசமாக்குவதற்குத்தான் அது. இந்த வாக்கியத்தில் சேமிப்பே ஒரு நோயாகிவிட்டது. வங்கிக்காரர் வாசித்தால் வழக்குப் போடுவார்.

இன்னொரு வகை, உருவம் பார்த்து ஏமாறுவது. 'மிட்டிகேட்' தணிப்பது, 'மிலிட்டேட்' எதிராக வேலை செய்வது. பின்னதுக்குப் பின்னால் 'எகெய்ன்ஸ்ட்' வர வேண்டும். கொப்பியில் இரண்டும் ஒரே பக்கத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. தலையில் போய் ஒன்றாகிவிட்டன.

தமிழில் இந்த விஷயம் நமக்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும். சோறு சாப்பிடுவோம், தேத்தண்ணி குடிப்போம், குளிசை போடுவோம். மூன்றும் வாய்க்குள்தான் போகிறது. காய்ச்சல் 'காயும்', தலை 'இடிக்கும்', வயிறு 'குத்தும்'. வயிறு இடிக்கிறது என்று யாராவது சொன்னால் விளங்கும், ஆனால் ஆள் எங்கிருந்து வந்தார் என்று பார்ப்போம். மரண அறிவித்தலைப் பாருங்கள். காலமானார், இறைவனடி சேர்ந்தார், சிவபதமடைந்தார் என்று எத்தனையோ இருக்கின்றன. 'மண்டையைப் போட்டார்' என்பதற்கும் அகராதிப்படி அதே பொருள்தான். பத்திரிகைக்குக் காசு கட்டி யாரும் அப்படிப் போடுவதில்லை.

லாகூரில் சில காலம் ஆங்கிலம் படிப்பித்த ஃபேர்த் என்ற மொழியியலாளர் 1957 இல் எழுதியது இதைத்தான்: ஒரு சொல்லை அது வைத்திருக்கும் சேர்க்கையைக் கொண்டு அறிந்துகொள். ஊரில் பெற்றோர் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதும் இதுதானே. தம்பியின் 912 சொற்களும் சேர்க்கை இல்லாத அனாதைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ச் சொல்லைக் கட்டிவிட்டு, அதன் பிறகு அந்தத் தமிழ்ச் சொல்லின் சிநேகிதர்களையெல்லாம் ஆங்கிலச் சொல்லுக்கும் சொந்தமாக்கிவிட்டார்.

இவ்வளவும் எனக்கு முன்பே தெரிந்த விஷயம். எத்தனையோ மாணவர்களிடம் பார்த்தாயிற்று. தெரியாதது, என்ன செய்வதென்பது. அதைக் காட்டியவர் தம்பிதான், தனக்கே தெரியாமல்.

சூட்கேஸ் துணியும் கணக்காய்வும்

மூன்றாவது சனிக்கிழமை கந்தோரிலிருந்து நேரே வந்தார். பையில் ஒரு வரைவு. வாடிக்கையாளர் நிறுவனமொன்றின் முகாமைக்கு எழுதும் கடிதம், கணக்காய்வில் கண்ட குறைகளைச் சொல்வது. பெயர்களையெல்லாம் கறுப்புப் பேனையால் அடித்துவிட்டு, "மொழி சரியோ எண்டு மட்டும் பாருங்கோ மிஸ்" என்றார்.

நான் பார்த்தேன். இரண்டு பக்கத்தில் மூன்று இடத்தில்தான் கை வைத்தேன், மூன்றும் அற்பம். இருப்புப் பதிவேட்டுக்கும் கையால் எண்ணிய கணக்குக்கும் இடையில் ஒரு 'டிஸ்கிரெப்பன்சி', அதாவது முரண்பாடு, என்று எழுதி, பின்னால் 'பிட்வீன்' சரியாகப் போட்டிருந்தார். தவறு 'மெட்டீரியல்' ஆனதா இல்லையா என்று ஒரு பந்தி. கணக்காய்வு தருவது 'ரீசனபிள் அஷூரன்ஸ்' மட்டுமே, அது உயர்ந்த உறுதிப்பாடு என்றாலும் உத்தரவாதம் அல்ல என்று ஒரு வரி. இதை எழுதிய அதே கைதான் வட்டி சேமிப்பை நோயாக்கியது என்று எழுதியதா?

"தம்பி, இந்த 'மெட்டீரியல்' உங்கட கொப்பியில இருக்கோ?"

"என்னத்துக்கு மிஸ்? அது தெரிஞ்ச சொல்தானே."

தெரிந்த சொல்! காலி வீதியில் புடவைக் கடைக்காரர் யாரிடமும் 'மெட்டீரியல்' என்று கேட்டால் சுடிதார் துணியை எடுத்து விரிப்பார். கணக்காய்வில் அதே சொல், நிதிக்கூற்றை நம்பி முடிவெடுப்பவரின் முடிவையே மாற்றக்கூடிய அளவு பெரிய தவறைக் குறிக்கும். ஆங்கிலம் தாய்மொழியான ஒருவருக்கே, தொழில் தெரியாவிட்டால், அந்தப் பொருள் பிடிபடாது. உண்மையான உயர்தரச் சொல் என்றால் அதுதான். தம்பி அதைப் பாடமாக்கவேயில்லை. அதற்கு ஒரு தமிழ்க் கருத்தும் அவர் எழுதி வைக்கவில்லை. நூற்றுக்கணக்கான அறிக்கைகளில் 'மெட்டீரியல் மிஸ்ஸ்டேட்மென்ட்' என்று சோடியாகவே கண்டு, மேலாளர் பேசக் கேட்டு, தானும் எழுதி, சிவப்பு மையில் திருத்தம் வாங்கி, மறுபடி எழுதியிருக்கிறார்.

இன்னொன்றையும் சோதித்தேன். கணக்காய்வறிக்கையில் 'உண்மையும் நியாயமுமான தோற்றம்' என்ற பொருளில் வரும் 'ட்ரூ அண்ட் ஃபெயார் வியூ' என்பதை நான் வேண்டுமென்றே 'ஃபெயார் அண்ட் ட்ரூ' என்று மாற்றிச் சொன்னேன். தம்பி முகத்தைச் சுளித்தார். ஏன் பிழை என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியவில்லை. "அப்பிடி வராது மிஸ்" என்றார், அவ்வளவுதான். அந்தச் சுளிப்புக்குத்தான் நான் இத்தனை வருடமாக மாணவர்களைக் கூட்டிப்போக முயல்கிறேன். வாழ்க்கையின் ஒரு மூலையில் அவர் ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்.

ஆகவே திட்டம் எளிது. கந்தோரில் சொல் எப்படி ஒட்டியதோ அதே வழியை மற்ற ஆங்கிலத்துக்கும் போடுவது. கொப்பியைப் பூட்டி அலுமாரியில் வைக்கச் சொன்னேன். எரிக்கச் சொல்லவில்லை. அந்த உழைப்பை எரிக்க எனக்கு மனம் வராது.

பிஸ்கட் டின்

அடுத்த 14 வாரமும் எங்கள் கணக்கு வாரத்துக்கு ஏழு சோடி. சொல்லைத் தனியே எடுக்கவே மாட்டோம். 'மிட்டிகேட்' வேண்டாம், 'மிட்டிகேட் த ரிஸ்க்' வேண்டும். 'மெட்டிக்கியூலஸ்' வேண்டாம், 'மெட்டிக்கியூலஸ் ரெக்கோர்ட்ஸ்', அதாவது மிகக் கவனமாக வைத்த பதிவுகள், வேண்டும். ஏழும் அந்த வாரம் அவர் உண்மையில் வாசித்த எதிலிருந்தாவது வரவேண்டும், பட்டியலிலிருந்து வரக்கூடாது. பத்திரிகை ஆசிரியத் தலையங்கம், கந்தோர் மின்னஞ்சல், ஐயெல்ட்ஸ் மாதிரி வாசிப்புப் பகுதி, எதுவானாலும் சரி.

ஒவ்வொரு சோடிக்கும் ஒரு அட்டை. முன்பக்கத்தில் ஆங்கிலம் இல்லை. தமிழில் ஒரு நிலைமை: 'ஏற்கெனவே நோகும் முழங்காலை இரவு பஸ் பயணம் இன்னும் மோசமாக்கிவிட்டது.' பின்பக்கம் ஆங்கிலச் சோடி. தமிழ்ச் சொல்லைக் கண்டு ஆங்கிலச் சொல்லைத் தேடாமல், நிலைமையைக் கண்டு சொல்லைத் தேடவேண்டும் என்பது நோக்கம். அட்டைகளை ஒரு பிஸ்கட் டின்னில் மட்டை வைத்து ஐந்து அறையாகப் பிரித்தோம். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், அதை இன்னும் தாமதித்துத்தான் பார்ப்போம். பிழைத்த அட்டை முதல் அறைக்கே திரும்பும். இது என் கண்டுபிடிப்பல்ல. ஜேர்மன் மொழியில் எழுதிய லைட்னர் என்பவர் 1972 இல் பரப்பிய முறை. இப்போது கைபேசிச் செயலிகள் இதையே செய்கின்றன. தம்பிக்குக் கைபேசி வேண்டாம் என்றேன், ஏனென்றால் கைபேசியைத் திறந்தால் அவர் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார். அதை அவரும் மறுக்கவில்லை.

பிறகு வாக்கியம். சோடிக்கு மூன்று. முதலாவது, கண்ட இடத்திலிருந்து அப்படியே கையால் பார்த்தெழுதுவது. இரண்டாவது, அதில் ஒரே ஒரு இடத்தை மட்டும் மாற்றுவது. மூன்றாவது சொந்தமாக. அதற்கு ஒரு சட்டம் இருந்தது: வாக்கியம் உண்மையாக இருக்கவேண்டும். முன்பெல்லாம் தம்பியின் வாக்கியங்களில் அரசர்கள் மக்களைக் காத்தார்கள், விஞ்ஞானிகள் உலகை மாற்றினார்கள். அந்த அரசரைத் தம்பி கண்டதில்லை. அதனால் எந்தச் சொல் பொருந்தும், எது பொருந்தாது என்று உரசிப் பார்க்க ஒரு கல் இல்லை. முழங்கால் வாக்கியம் அவருடைய அம்மாவுடையது. கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கிய அம்மா, தனியார் ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்த காலை. அந்த 'எக்ஸாசபேட்' அதற்குப் பிறகு ஒருநாளும் சேமிப்புப் பக்கம் போனதில்லை.

அகராதியையும் மாற்றினோம். அவர் வைத்திருந்தது சொல்லுக்குச் சொல் தமிழ் தரும் கைபேசி அகராதி. வேறு மொழிக்காரர் ஆங்கிலம் படிப்பதற்கென்றே எழுதப்பட்ட அகராதி தனி வகை. அதில் முன்னோடியான ஹோர்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் படிப்பித்தவர், அவருடைய அகராதி முதலில் வெளிவந்ததும் 1942 இல் அங்கேதான். அந்த வகை அகராதி சொல்லின் பொருளோடு நிற்காது. பின்னால் எந்த இடைச்சொல் வரும், எண்ணக்கூடிய பெயரா இல்லையா, எதனோடு சேரும் என்றெல்லாம் சொல்லும். மருதானைப் பக்கம் மக்கலம் கேற் பழைய புத்தகக் கடைகளில் இப்படி ஒன்றைத் தேடி எடுத்தார். அட்டை கிழிந்தது, யாரோ ஒருவர் பென்சிலால் எங்கும் கோடு போட்டது. கோடு போட்டவர் எங்களுக்கு முன்னமே இந்தப் பாதையால் போயிருக்கிறார்.

நடுவில் ஒரு சின்ன வியப்பு. நியூசிலாந்தின் மொழியியலாளர் கொக்ஸ்ஹெட் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல் ஒன்று இருக்கிறது, 570 சொற்குடும்பங்கள். அதைத் தம்பியோடு ஓட்டிப் பார்த்தேன். தலைச்சொற்களில் அநேகமாக எல்லாம் தெரியும். குடும்பத்தின் மற்றப் பிள்ளைகள்தான் தகராறு. 'அஸ்யூம்' தெரியும், 'அஸம்ப்ஷன்' வரவேண்டிய இடத்திலும் 'அஸ்யூம்' என்றே எழுதுவார். 'டிரைவ்' என்றால் பஸ் ஓட்டுவது, 'டெரைவ்' என்றால் பெறுவது என்று குழம்பாமல் சொல்வார், 'டெரிவேஷன்' என்றால் முழிப்பார். ஆக, அவருக்கு வேண்டிய உயர்தரச் சொல் பாதி, தெரிந்த சொல்லின் தெரியாத வடிவம்தான். பட்டியல் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. 'அஸம்ப்ஷன்' யாரையும் பிரமிக்க வைக்காது.

நான் விட்ட பிழை

ஆறாவது வாரம் வரைபட விளக்கத்துக்கு வந்தோம். ஐயெல்ட்ஸின் முதல் எழுத்துப் பணி அதுதான், 150 சொல்லுக்குக் குறையாமல். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பல சொல் வேண்டும் என்று நினைத்து, ஏறுவதற்கு ஐந்து, விழுவதற்கு ஐந்து என ஒரே நாளில் பத்தையும் கொட்டினேன். சோடி, உண்மை வாக்கியம் என்றெல்லாம் நானே போட்ட சட்டத்தை நானே மறந்தேன். பரீட்சைக்குத் தேதி வைத்துவிட்டார்களே என்ற பதற்றம்.

மறுவாரம் தம்பி எழுதினார்: மீன் ஏற்றுமதி 'கிராஜுவலி பிளமெட்' ஆனது. பிளமெட் என்பது ஈயக் குண்டு நூலில் விழுவது போல விழுவது. சொல்லின் வேரே ஈயம்தான். தமிழில் சொன்னால் ஏற்றுமதி மெல்ல மெல்லத் தொப்பென்று விழுந்தது.

பொருளால் நெருங்கிய சொற்களைப் புதிதாக ஒன்றாகப் படித்தால் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும், தனித்தனியே படிப்பதை விட அதிக நேரம் பிடிக்கும் என்று 1993 இல் டின்காம், 1997 இல் வாரிங் என்ற ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அதை வாசித்திருந்தும் செய்தேன். பத்து அட்டையையும் டின்னிலிருந்து எடுத்து, இரண்டை மட்டும் வைத்தோம். மற்றவை வாரத்துக்கு ஒன்றாகப் பிறகு திரும்பி வந்தன. இரண்டு வரவேயில்லை, தேவைப்படவும் இல்லை.

'பரையா'

பூட்டிய கொப்பியை ஒருமுறை திறந்தோம். ஒன்பதாம் வாரம், பத்திரிகையில் ஒரு நாட்டை உலகம் ஒதுக்கிவைத்திருப்பது பற்றிய கட்டுரை. அதில் 'பரையா' என்ற சொல். "இது என்ர கொப்பியில இருக்கு மிஸ்" என்று எடுத்துக் காட்டினார். 'ஒதுக்கப்பட்டவர்' என்று நீல மையில் எழுதியிருந்தது.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தெரியாது என்றார். மெதுவாக இரண்டு முறை உச்சரிக்கச் சொன்னேன். இரண்டாம் முறை பாதியில் நிறுத்திவிட்டார். கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்துக்குப் போன கதையை நாம் பெருமையாகச் சொல்வோம். பறை அடித்த மக்களின் சாதிப்பெயரும் அதே கப்பலில்தான் போனது. போன இடத்தில் எல்லோராலும் தள்ளிவைக்கப்பட்டவர் என்பதற்கே பொதுப்பெயராகிவிட்டது. நாம் இங்கே அந்த மக்களை எப்படி நடத்தினோம் என்பதை ஆங்கிலம் ஒரே சொல்லில் எழுதி வைத்திருக்கிறது.

அன்று வகுப்பு கொஞ்ச நேரம் ஓடவில்லை. பிறகு தம்பியே சொன்னார்: "வாசிச்சா விளங்கவேணும். நான் எழுதமாட்டன்." அந்த ஒரு சொல்லுக்கு அட்டை போடவில்லை. கொப்பியின் ஓரத்தில் கண்ணின் படம் ஒன்று சின்னதாகக் கீறி வைத்தார். கண்ணுக்கு மட்டும் என்று அர்த்தமாம். அதற்குப் பிறகு கொப்பியில் நிறையக் கண்கள் முளைத்தன. பழைய 912 இல் எவை வாசிப்புக்கு, எவை கைக்கு என்று அவரே பிரிக்கத் தொடங்கினார். மிதமிஞ்சிய அளவைக் குறிக்கும் 'பிளெதரா'வுக்குக் கண். அப்பட்டமாக மோசமானதைக் குறிக்கும் 'இக்ரீஜியஸ்' என்பதற்கும் கண். 'டிஸ்கிரெப்பன்சி' ஏற்கெனவே கையில் இருந்தது. இந்தப் பிரிப்பை நான் முதல் வாரமே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்.

பதினான்கு வாரத்துக்குப் பின்

டின்னில் 91 அட்டை. 40 ஐ எடுத்து, அட்டையில் இல்லாத புதிய தமிழ் நிலைமைகளைச் சொல்லி வாக்கியம் கேட்டேன். 29 இல் பேனை வைக்கத் தேவையிருக்கவில்லை. முதல் நாளின் ஆறோடு இதை அப்படியே ஒப்பிட முடியாது. அன்று நான் எடுத்தது 912 இலிருந்து, இன்று 91 இலிருந்து. சொற்களும் வேறு. ஆனாலும் 912 இல் கைக்கு வந்தவை எத்தனை என்பதை அவர் தானே கணக்கிட்டுப் பார்த்தார், கணக்காய்வாளர் அல்லவா. விடை அவருக்குப் பிடிக்கவில்லை, எனக்கும் சொல்லவில்லை.

ஐயெல்ட்ஸ் எழுத்துக்கு 6.5 வந்தது. இதில் சொல்வளத்தின் பங்கு எவ்வளவு என்று நான் உரிமை கோரமாட்டேன். எழுத்துக்கு நான்கு அளவுகோல், சொல்வளம் அதில் நாலில் ஒன்று. மற்ற மூன்றுக்கும் அவர் இன்னோர் இடத்தில் வகுப்புக்குப் போனார். ஆனால் அந்த அளவுகோலைத் தம்பி முதன்முறை படித்தபோது தவறாகத்தான் விளங்கியிருந்தார் என்பதைச் சொல்லவேண்டும். அரிய சொல் போட்டால் புள்ளி என்று நினைத்திருந்தார். பகிரங்கமாகக் கிடைக்கும் அந்த விளக்கத்தில், அரிய சொல்லைப் பிழையோடு போட முயல்வது 6 இன் அடையாளம். நடையும் சேர்க்கையும் உணர்ந்து போடுவதுதான் 7 இன் அடையாளம். பழைய பரீட்சையில் அவர் 6 ஐ உழைத்துச் சம்பாதித்திருக்கிறார்.

குறையும் இருக்கிறது. பேச்சில் இவற்றில் ஒன்றும் வருவதில்லை. "கதைக்கேக்க யோசிச்சா சொல் பறந்திடுது மிஸ்" என்கிறார். கந்தோர்ச் சொற்கள் பேச்சிலும் வருகின்றன, ஏனென்றால் அவை காதால் வந்தவை. நாங்கள் 14 வாரமும் காகிதத்திலேயே இருந்தோம். அடுத்த மாணவரோடு இதை மாற்றிச் செய்யவேண்டும். சனிக்கிழமை ரயில் சத்தத்துக்கு நடுவில் எப்படி என்று இன்னும் யோசிக்கிறேன்.

போன வாரம் தம்பியிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு கேள்வி. சுற்றுலாக் கட்டுரை ஒன்றில் 'பிரிஸ்டீன் பீச்' என்று கண்டாராம், சோடி பிடித்திருக்கிறதாம், உண்மை வாக்கியம் எழுத வேண்டுமாம். "எங்கட வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போடலாமோ மிஸ்?"

கை படாத, பழுதுபடாத நிலையில் இருப்பதற்குத்தான் அந்தச் சொல், ரயில் பாதையைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கோ என்று பதில் போட்டேன்.

அரை மணித்தியாலம் கழித்து ஒரு படம் வந்தது. கற்களுக்கு நடுவில் பிளாஸ்ரிக் போத்தல்கள், ஒற்றைச் செருப்பு, தூரத்தில் கடல். கீழே இரண்டு சொல்: "போடேலாது மிஸ்."